கல்லில் பிழைத்த ஓர் எழுத்து: ஜோசஃப் கான்ராடின் போலந்து முன்னோரை இறப்புப் பதிவுகள் வழியே தேடுதல்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கேன்டர்பரி நகரக் கல்லறைத் தோட்டத்தில், ஜோசஃப் கான்ராட் என்று உலகம் அறிந்த ஆங்கில நாவலாசிரியரின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 1924 ஆகஸ்ட் 3 அன்று. கல்லில் அவருடைய பெயர் நான்கு சொற்களாக வெட்டப்பட்டிருக்கிறது. திருமுழுக்கில் அவருக்கு இடப்பட்ட பெயர் யூசெஃப் தெயோதோர் கொன்ராத். குடும்பப் பெயர் கொஷெனியோவ்ஸ்கி. கல்வெட்டியவர் முதற்பெயரையும் மூன்றாம் பெயரையும் ஆங்கில வடிவில் வெட்டிவிட்டு, இரண்டாம் பெயரில் தவறியிருக்கிறார். தெயோதோர் (Teodor) என்பதன் ஆங்கில வடிவில் மூன்றாம் எழுத்தாக O வர வேண்டிய இடத்தில் A நிற்கிறது. கல்லறையைப் பார்க்க வருவோர் இந்தப் பிழையைப் பரிவோடு பேசிவிட்டுப் போவது வழக்கம். குடும்ப வரலாறு தேடுபவருக்கோ அந்த ஓர் எழுத்தில் ஒரு தலைமுறையே அடங்கியிருக்கிறது.

கான்ராடின் குடும்பத்தைப் பற்றி வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கும்போது, அவரை ஏன் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். விடை தெரிந்த கணக்கு என்பதுதான் காரணம். போலந்து முன்னோரைத் தேடும் பெரும்பாலான குடும்பங்களிடம் தொடக்கத்தில் இருப்பவை ஒரு கல்லறையின் புகைப்படமும் ஓர் இறப்புச் சான்றிதழும் மட்டுமே. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே வழி தவறும் என்பதை, முடிவு தெரிந்த ஒரு குடும்பத்தில் சோதித்துப் பார்த்தால்தான் தெளிவாகக் காண முடியும். மேலும், இந்தக் குடும்பத்தின் சாவுகள் போலந்தைப் பங்கிட்டுக்கொண்ட மூன்று அரசுகளிலும் நிகழ்ந்தவை. தாய் ரஷ்யப் பேரரசில் இறந்தார், தந்தை ஆஸ்திரியப் பகுதியில் இறந்தார், தாய்மாமன் ஒருவர் பிரஷ்யப் பகுதியில் இறந்தார். 1795 முதல் 1918 வரை சுதந்திர நாடாகப் போலந்து இல்லாததால், ஒரே குடும்பத்தவர்களின் சாவு மூன்று வகைப் படிவங்களில், மூன்று நிர்வாக மொழிகளின் நிழலில் பதிவானது. இத்தனையும் ஒருசேர அமைந்த வேறு எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இங்கிலாந்துப் பதிவு சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு இறப்புப் பதிவு 1837 இல் தொடங்கியது. 1924 காலத்துச் சான்றிதழில் இறந்த நாள், இடம், பெயர், பால், வயது, தொழில், சாவின் காரணம், தகவல் தந்தவர் ஆகியவை இருக்கும். பெற்றோர் பெயருக்கு அதில் இடமில்லை. பிறந்த இடத்தைக் குறிக்கும் வழக்கம் 1969 இல்தான் வந்தது. போலந்திலோ உக்ரைனிலோ பிறந்து இங்கிலாந்தில் மறைந்த ஒருவரின் இறப்புச் சான்றிதழ் ஆங்கிலேய வாழ்வின் இறுதி வரியை மட்டும் தருகிறது. கடலுக்கு அப்பால் இருந்த வாழ்வைப் பற்றி அது ஒன்றும் பேசாது. தேடுபவர்கள் முதலில் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

இங்கே ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: இந்தத் தகவலை எழுத்தரிடம் சொன்னவர் யார்? பிறப்புப் பதிவில் பேசுபவர் பெற்றோர். திருமணப் பதிவில் பேசுபவர் மணமக்களே. இறப்புப் பதிவில் மட்டும் எவரைப் பற்றிய பதிவோ அவர் பேசுவதில்லை. மனைவியோ மகனோ, வீட்டு உரிமையாளரோ, சில வேளைகளில் கல்லறை தோண்டுபவரோ பேசுகிறார். கான்ராடின் மனைவி ஆங்கிலேயப் பெண். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள், கான்ராட் என்பதையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள். தெயோதோர் என்ற பெயரை நாவில் ஏற்றிப் பழகாத ஒரு வீட்டிலிருந்து அது கல்வெட்டுக்குப் போகும்போது ஓர் எழுத்து பிறழ்வது இயல்பே. குற்றம் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. எந்தச் செய்தி யார் வாய்வழி வந்தது என்று தெரிந்தால், எந்தச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

அந்தப் பிழை தேடலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்க்க வேண்டும். போலந்து நிலவுடைமைக் குடும்பங்களில் பிள்ளைக்குப் பாட்டனார்களின் பெயரை இடுவது பரவலான வழக்கம். நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயரை இடுவதைப் போன்றதே. கான்ராடின் முதற்பெயரான யூசெஃப் தாய்வழிப் பாட்டனார் யூசெஃப் பொப்ரோவ்ஸ்கியுடையது. இரண்டாம் பெயரான தெயோதோர் தந்தைவழிப் பாட்டனார் தெயோதோர் கொஷெனியோவ்ஸ்கியுடையது. ஆகவே ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், கல்லறைக் கல் ஒன்றே இரண்டு பாட்டனார்களின் பெயரையும் கையில் கொடுத்திருக்கும். பிழைபட்ட வடிவமோ போலந்து மொழியில் இல்லாத ஒரு பெயர். அவசரக்காரர் ஒருவர் அது ததெயுஷ் என்ற பெயரின் சிதைவாக இருக்கும் என்று முடிவுகட்டிவிடலாம். அந்த ஊகத்தோடு அவர் குடும்பத்துக்குள் தேடினால், ததெயுஷ் பொப்ரோவ்ஸ்கி என்ற ஒருவர் அங்கே உண்மையாகவே கிடைப்பார்! அவர் கான்ராடின் தாய்மாமன். பெற்றோரை இழந்த சிறுவனைத் தாங்கியவர். 1894 இல் இறந்தவர். ஊகம் உறுதிப்பட்டதுபோல் தோன்றும். தந்தைவழிப் பாட்டனாரோ மறைந்தே போவார். தவறான ஊகத்துக்குத் தற்செயலாக ஒரு சான்று கிடைத்துவிடுவதுதான் வம்சாவளித் தேடலில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆபத்து.

இங்கிலாந்தை விட்டு வெளியே போக வழிதருவது இறப்புப் பதிவு அல்ல, குடியுரிமைக் கோப்பு. கான்ராட் 1886 ஆகஸ்டில் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். இத்தகைய விண்ணப்பங்களின் கோப்புகள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவற்றைத் தேடும்போது போலந்து என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. அவர் சட்டப்படி ரஷ்யப் பேரரசின் குடி. இன்றைய உக்ரைனில் உள்ள பெர்திச்சிவ் அன்று கீவ் மாகாணத்தில் இருந்தது. அங்கே 1857 டிசம்பர் 3 அன்று அவர் பிறந்தார். போலந்து வம்சத்தைத் தேடுபவர் உக்ரைன், பெலாரஸ், லித்துவேனியா ஆகிய நாடுகளின் காப்பகங்களுக்குப் போக நேர்வது இதனால்தான்.

கப்பல் ஆவணங்களும் துணையாகும். குடியுரிமை பெறுவதற்கு முன் அவர் மாலுமியாக இருந்தார். 1884 ஏப்ரலில் ரிவர்ஸ்டேல் என்ற கப்பலிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் விலகி, ரயிலேறிப் பம்பாய் சென்று வேறு கப்பலில் சேர்ந்தார். சென்னையில் ஒரு போலந்து அகதிக் குடும்பத்தின் மகன் கரையிறங்கிய அந்தச் செய்தியைத் தமிழ் வாசகர் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் குறிப்பிடுகிறேன். மாலுமிப் பட்டியல்களில் கொஷெனியோவ்ஸ்கி என்ற பெயரை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதினார்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுபவருக்கு அவை கிடைக்கமாட்டா.

கிராக்கோவ்: நிற்கும் கல்லும் லத்தீன் கட்டமும்

தந்தை அப்பொல்லோ கொஷெனியோவ்ஸ்கி கவிஞர், மொழிபெயர்ப்பாளர், ரஷ்ய ஆட்சியை எதிர்த்தவர். 1861 அக்டோபரில் கைதாகி வார்சா கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1862 இல் மனைவியோடும் சிறுவன் கொன்ராத்தோடும் வடக்கே வொலோக்தாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பின்னர் குடும்பம் இன்றைய உக்ரைனில் உள்ள செர்னிஹிவுக்கு மாற்றப்பட்டது. மனைவியை இழந்தபின் விடுதலையாகி, ஆஸ்திரியப் பகுதியான கலீசியாவுக்குள் வந்து, 1869 மே 23 அன்று கிராக்கோவில் இறந்தார். கடைசி வாரங்களை அவர் கழித்தது போசெல்ஸ்கா தெருவில். இறுதி ஊர்வலம் பெரும் தேசபக்தக் கூட்டமாக மாறியது. பதினோரு வயது மகன் சவப்பெட்டியின் பின்னே முதல் ஆளாக நடந்தான்.

1803 இல் திறக்கப்பட்ட ராக்கோவித்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் இன்றும் நிற்கிறது. அதில் அவரை மாஸ்கோவின் கொடுங்கோன்மைக்குப் பலியானவர் என்று பொறித்திருக்கிறார்கள். கேன்டர்பரி கல்லையும் இந்தக் கல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கல் என்பது யாருடைய குரல் என்பது புரியும். அங்கே பேசியது பெயரைச் சரியாக அறியாத ஒரு வீடு. இங்கே பேசுவது ஒரு சமூகம். தந்தையை ஒரு மனிதராக அல்லாமல் ஒரு வழக்கின் சாட்சியாக அது நிறுத்துகிறது. ரஷ்ய ஆட்சிக்குட்பட்ட நகரத்தில் இப்படி ஒரு வரியைக் கல்லில் வெட்டியிருக்க முடியாது; ஆஸ்திரிய ஆட்சியில் போலந்துக்காரர்களுக்கு அப்போது கிடைத்த தளர்வு இந்த வரியில் தெரிகிறது. கல்லறை வாசகமும் ஆண்ட அரசைக் காட்டும் சான்றே.

கல் நிற்பதே ஒரு பேறு என்பதைப் போலந்தில் தேடப்போகும் ஒவ்வொருவரும் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். 1959 ஆம் ஆண்டின் கல்லறைச் சட்டப்படி, புதைத்து 20 ஆண்டுகள் கழிந்தபின் யாரும் கட்டணம் செலுத்தி உரிமையைப் புதுப்பிக்காவிட்டால் அந்தக் குழியை மீண்டும் பயன்படுத்தலாம். நவம்பர் முதல் நாள் புனிதர் அனைவரின் திருநாளில் நாடே கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றும் வழக்கம் உடைய மக்கள்தாம். நம் ஊர்களின் கல்லறைத் திருநாளைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி அயலாக இராது. ஆனால் புலம்பெயர்ந்த குடும்பத்தின் கல்லறைக்கு விளக்கேற்ற ஆளில்லை. பூட்டனாரின் கல்லைத் தேடி அங்கே போகிறவர், அதே இடத்தில் வேறொரு குடும்பத்தின் புதிய கல்லைக் காண்பது மிகச் சாதாரணம். எனவே கல் இல்லையென்றால் அடக்கம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. கிராக்கோவின் நகரக் கல்லறை நிர்வாகம் புதைக்கப்பட்டோரின் பெயரை இணையத்தில் தேட வசதி செய்திருக்கிறது. முதலில் அங்கே பார்த்துவிட்டு, பின்னர் பங்குப் பதிவேட்டுக்கு, அதாவது அந்தப் பகுதித் தேவாலயத்தின் பதிவேட்டுக்கு, போவது நல்ல வரிசை.

கலீசியாவின் பங்குப் பதிவேடு 1784 ஆம் ஆண்டின் அரச ஆணையால் வடிவம் பெற்றது. லத்தீன் தலைப்புகள் இட்ட கட்டங்கள்: இறந்த நாள், வீட்டு எண், பெயர், சமயம், பால், வயது, நோய். வயது வந்தவரின் பெற்றோர் பெயரைக் கேட்கும் கட்டம் அந்த அமைப்பில் இல்லை. ஆகவே அப்பொல்லோவின் பெயரை இத்தகைய கட்டத்தில் கண்டாலும் அதன்மூலம் தெயோதோரை அடைய முடியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்தக் கட்டங்களின் உண்மையான பயன் வீட்டு எண்ணில் இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட பத்துப் பேர் வாழும் கிராமத்தில், ஒரே வீட்டு எண்ணில் நிகழ்ந்த பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்தால் குடும்பம் தானாகத் திரண்டு வரும். ஒரு வாடகை அறையில் இறந்த நாடுகடத்தப்பட்டவருக்கு அந்த உதவியும் இல்லை.

வயதுக் கட்டத்தை நம்பும்போதும் நிதானம் வேண்டும். அப்பொல்லோ 1820 பிப்ரவரி 21 அன்று பிறந்ததாக வரலாறுகள் குறிக்கின்றன; இறக்கும்போது வயது 49. படித்த குடும்பத்தில் இத்தகைய கணக்கு சரியாக இருக்கும். உழவர் குடும்பங்களின் பதிவுகளிலோ 40, 50, 60 என முழு எண்களே மிகுதியாக வருவதைப் பதிவேடுகளைப் புரட்டிய எவரும் கவனித்திருப்பர். அங்கே வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தெடுத்துவிட்டு, அந்த ஓர் ஆண்டை மட்டும் தேடுவது வீண். முன்னும் பின்னும் ஐந்து ஆண்டுகளாவது பார்க்க வேண்டும்.

நோய்க் கட்டம் தனிக் கவனம் கேட்கிறது. அப்பொல்லோவும் அவர் மனைவியும் காசநோயால் இறந்தார்கள். லத்தீன் பதிவில் அது திசிஸ் எனவும், ரஷ்யப் பதிவில் சகோத்கா எனவும், போலந்து மொழியில் உலர்ந்துபோவதைக் குறிக்கும் சுஹோத்தி எனவும் வரும். நம் முன்னோர் அதை எலும்புருக்கி என்றார்கள். உலர்த்துவது என்று ஒரு மொழியும் உருக்குவது என்று இன்னொரு மொழியும் பெயரிட்ட அதே நோய் ஒரு குடும்பத்தில் நான்கு ஆண்டு இடைவெளியில் இருவரைக் கொண்டுபோயிருக்கிறது. இந்தச் சொற்களை அறியாதவர் பதிவைக் கண்டும் காணாதவராவார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. வார்சா சிறையிலேயே அப்பொல்லோ இறந்திருந்தால் அவருடைய பதிவு முற்றிலும் வேறு வடிவில் இருந்திருக்கும். ரஷ்யாவின் கீழிருந்த போலந்து இராச்சியத்தில் நெப்போலியன் சட்டத்தின் வழிவந்த பதிவுமுறை நிலவியது. வார்சாவில் இன்ன நாள் இன்ன மணிக்கு நிகழ்ந்தது என்று தொடங்கி, இரண்டு சாட்சிகளை நிறுத்தி, இறந்தவரின் பெற்றோர் பெயரையும் கேட்டு, முழு வாக்கியங்களில் எழுதும் முறை அது. 1868 வரை போலந்து மொழியிலும் அதன்பின் ரஷ்ய மொழியிலும் எழுதினார்கள். இறப்புப் பதிவு வழியே முன்னோரைத் தேடுவோருக்கு இந்தப் பகுதிதான் தாராளமான பகுதி. ஒரு முதியவரின் சாவுப் பதிவு அவருடைய பெற்றோரின் பெயரைத் தந்து, எழுபது எண்பது ஆண்டுகளை ஒரே தாவலில் கடக்க வைக்கும். கொஷெனியோவ்ஸ்கி குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

செர்னிஹிவ்: இரண்டு நாட்காட்டி, தந்தையின் பெயர்

தாய் ஏவா 1865 ஏப்ரல் 18 அன்று செர்னிஹிவில் இறந்தார். ரஷ்யப் பேரரசில் அன்று பழைய ஜூலியன் நாட்காட்டியே வழக்கில் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் அது 12 நாள் பின்தங்கியது. வரலாறுகள் தரும் தேதி புதிய நாட்காட்டியின்படியானது என்றால், உள்ளூர்ப் பதிவேட்டில் அது ஏப்ரல் 6 ஆக இருக்கும். கான்ராடின் பிறந்தநாளும் அவ்வாறே பழைய கணக்கில் நவம்பர் 21. அப்பொல்லோவின் பிப்ரவரி 21 எந்தக் கணக்கு என்று உறுதிசெய்யாமல் தேடினால், ஒன்று பிப்ரவரி 9 இல் நின்று ஏமாற வேண்டும், அல்லது மார்ச் 4 ஐத் தவறவிட வேண்டும். தேதியை எழுதிவைக்கும்போதே எந்த நாட்காட்டி என்பதையும் உடன் எழுதாத குறிப்பேடு பாதிக் குறிப்பேடுதான்.

பெயரிலும் இரட்டை வடிவம் உண்டு. அவரை ஏவா என்றும் ஏவெலினா என்றும் குறிப்பர். மணமான பெண்ணைப் போலந்து வழக்கம் பிறந்த வீட்டோடு சேர்த்தே சொல்லும்: பொப்ரோவ்ஸ்கி குடும்பத்தவளான ஏவா கொஷெனியோவ்ஸ்கா என்று. கல்லிலும் பதிவிலும் வரும் இந்த ஒற்றைத் தொடர் தாய்வழிக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆங்கிலப் பதிவு தராத பெரிய கொடை இது. ரஷ்யப் பேரரசின் மேற்கு மாகாணங்களின் கத்தோலிக்க இறப்புப் பதிவுகளில், இறந்தவர் விட்டுச்சென்ற துணைவரையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பதும் உண்டு. தாயின் சாவுப் பதிவில் ஏழு வயது மகன் பெயரால் நிற்கக்கூடிய படிவம் அது.

இனி தெயோதோர். ரஷ்ய நிர்வாகம் ஒருவரைத் தந்தையின் பெயர் சேர்த்தே அழைத்தது. கைதியானாலும் நாடுகடத்தப்பட்டவரானாலும் கோப்பில் அவர் அப்பொல்லோன் தெயோதோரோவிச் ஆவார். மனைவி யூசெஃபின் மகள் என்ற அடைமொழியோடு வருவார். பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தை இட்டுப் பழகிய தமிழருக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. கேன்டர்பரி கல்லின் பிழையைத் திருத்தும் சான்று, குடும்பத்தைச் சிதைத்த அதே அரசின் தாளில் கிடைக்கக்கூடும் என்பது எனக்கு மனத்தை உறுத்தும் உண்மை. அங்கேயும் தெயோதோர் என்பது ரஷ்ய வழக்கில் ஃபியோதோர் ஆகலாம், லத்தீனில் தெயோதோருஸ் ஆகலாம். நான்கு எழுத்துக்கூட்டலும் ஒரே பாட்டனார்தான்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய சாவு பிரஷ்யப் பகுதியில் நிகழ்ந்தது. ஏவாவின் தம்பி ஸ்தெஃபான் பொப்ரோவ்ஸ்கி, ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 போலந்து எழுச்சியின் தலைமறைவு அரசை வழிநடத்தியவர்களில் ஒருவர். அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று ராவிச் நகருக்கு அருகே இருவர் துப்பாக்கிச் சண்டையில் கொல்லப்பட்டார், வயது 23. பிரஷ்யாவில் அரசுப் பதிவு 1874 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய சாவுக்குப் பங்குப் பதிவேடு ஒன்றே கதி. ஆனால் இருவர் சண்டையில் மாண்டவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கும் விதி 16 ஆம் நூற்றாண்டில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் திரென்ட் சங்கக் காலத்திலிருந்தே இருந்தது என்பதால், இத்தகைய சாவு வழக்கமான வரியில் வழக்கமான சொல்லில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தந்தையின் உடன்பிறந்தாரில் ஒருவர் அதே எழுச்சியில் மாண்டார். மற்றொருவர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். சொந்தப் பங்கில் தேடினால் இவர்களில் எவரும் அகப்படமாட்டார். ஒரு குடும்பத்தின் ஆண்கள் 1863 ஐ ஒட்டிப் பதிவேட்டிலிருந்து ஒரேயடியாகக் காணாமல் போனால், சிறை, போர்க்களம், நாடுகடத்தல் ஆகியவற்றின் கோப்புகளுக்குத் திரும்ப வேண்டும் என்பதை இந்தக் குடும்பம் காட்டுகிறது.

இன்றைய போலந்தில் இறப்புப் பதிவுகள் 80 ஆண்டு கடந்தபின் அரசு ஆவணக் காப்பகங்களுக்கு மாறுகின்றன. ஆர்வலர்கள் பெயர்வரிசை செய்து தரும் ஜெனெதேகா என்ற தரவுத்தளம் பெரும் உதவி. ஆனால் பெயர்வரிசை வழிகாட்டி மட்டுமே. மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் மரத்தில் சேர்க்கக் கூடாது. உக்ரைன் பக்கத்துப் பதிவேடுகளுக்கு அங்குள்ள மாநிலக் காப்பகங்களையே நாட வேண்டும். பங்குக் குரு ஆண்டுதோறும் மேல் அலுவலகத்துக்கு அனுப்பிய இரண்டாம் படி இருந்ததால், ஊரில் எரிந்துபோன புத்தகம் வேறு நகரில் கிடைப்பதுண்டு.

இந்த வழக்கைத் திரும்பிப் பார்க்கும்போது கேன்டர்பரி கல்லின்மீது எனக்கு மரியாதையே கூடுகிறது. பிள்ளைகள் கான்ராட் என்ற பெயரையே சுமந்தார்கள். புத்தக அட்டைகளில் அச்சானதும் அதுவே. அந்த வீட்டில் யாரோ ஒருவர் கொஷெனியோவ்ஸ்கி என்ற, ஆங்கில நாவுக்குக் கடினமான, நீண்ட பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார். ஓர் எழுத்தும் பிசகாமல் அது வெட்டப்பட்டும் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிராக்கோவுக்கும், அங்கிருந்து செர்னிஹிவின் கத்தோலிக்கப் பதிவேட்டில் 1865 ஏப்ரல் 6, ஏப்ரல் 18 என்ற இரண்டு தேதிகளுக்கும், ஏவா, ஏவெலினா என்ற இரண்டு பெயர்களுக்கும் போக வேண்டும்.